காட்பாடி டிக்கெட், கரண்ட் பில், பட்டா: செல்லில் ஆப்பா, வெப்சைட்டா?

எந்த சேவையைத் திறந்தாலும் முதலில் கேட்பது "எங்கள் ஆப்பை இன்ஸ்டால் செய்யுங்கள்" என்றுதான். 32 ஜிபி செல் வைத்திருப்பவருக்கு இது பெரிய தலைவலி. சிஸ்டமும் வாட்ஸ்அப் வீடியோக்களும் போக மிஞ்சும் இடத்தில் பத்து ஆப் சேர்ந்தாலே "ஸ்டோரேஜ் ஃபுல்" என்று வந்து நிற்கும். அதற்காக எல்லாவற்றையும் பிரவுசரிலேயே முடித்துவிடலாம் என்றும் சொல்ல முடியாது. வேலூர்ப் பக்கம் அன்றாடம் பயன்படும் மூன்று நான்கு சேவைகளை எடுத்துக்கொண்டு, வேலை எந்த இடத்தில் பாதியில் நின்றுபோகிறது என்பதை வைத்து இங்கே தரம் பிரித்திருக்கிறோம்.

முதலில் ரயில். முன்பதிவில்லா டிக்கெட்டுக்கு ஆப்தான், வேறு பேச்சே இல்லை. 2025 ஜூலை 1-ல் வந்த ரயில்ஒன் ஆப்பில் முன்பதிவில்லா டிக்கெட், ரிசர்வேஷன், பிளாட்பாரம் டிக்கெட் மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. காட்பாடியிலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய 130 கிலோமீட்டர். 200 கிலோமீட்டருக்கு உட்பட்ட தூரம் என்பதால் டிக்கெட் போட்ட 3 மணி நேரத்துக்குள் பயணத்தைத் தொடங்கிவிட வேண்டும். வீட்டில் காபி குடித்துக்கொண்டே போடலாம். காலையில் போட்டுவிட்டு மாலையில் ஏற முடியாது.

இதில் பலர் சறுக்கும் இடங்கள் மூன்று. ஒன்று, ஸ்டேஷன் பெயர். "வேலூர்" என்று தேடினால் வேலூர் கண்டோன்மென்ட் வந்து நிற்கும். அது காட்பாடி - விழுப்புரம் பாதையில் இருக்கிறது. சென்னை - பெங்களூரு வண்டிகள் நிற்பது காட்பாடி ஜங்ஷனில். ஆகவே "காட்பாடி" என்றோ கேபிடி என்ற குறியீட்டைப் போட்டோ தேடுங்கள். இரண்டு, வண்டி வகை. ஆர்டினரி, மெயில்/எக்ஸ்பிரஸ், சூப்பர்ஃபாஸ்ட் என்று கேட்கும். பிருந்தாவன், லால்பாக் இரண்டுமே 12-ல் தொடங்கும் எண் கொண்ட சூப்பர்ஃபாஸ்ட் வண்டிகள். கட்டணம் குறைகிறதே என்று ஆர்டினரி டிக்கெட்டோடு அதில் ஏறினால் பரிசோதகரிடம் அபராதம்தான். மூன்றாவதுதான் அதிகம் பேரை மாட்டிவிடுவது. பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு காகிதமில்லா டிக்கெட் போட்டால் ஆப் ஏற்காது. நீங்கள் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இருப்பதை ஜிபிஎஸ் காட்டிக்கொடுத்துவிடும். பரிசோதகரைப் பார்த்த பிறகு அவசரமாக டிக்கெட் எடுப்பதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. வண்டி வர ஐந்து நிமிடம் இருக்கும்போது இது தெரிந்தால் வெளியே ரோட்டுக்கு ஓட வேண்டியிருக்கும். ஸ்டேஷனுக்குள் இருந்தே போட, கவுன்ட்டர் பக்கம் ஒட்டியிருக்கும் க்யூஆரை ஆப்பிலிருந்து ஸ்கேன் செய்யும் வழி உண்டு.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். ஸ்கிரீன்ஷாட் செல்லாது, ஆப்பைத் திறந்துதான் காட்ட வேண்டும். செல் சார்ஜ் போய்விட்டால் டிக்கெட் இல்லாத பயணிதான். காகிதமில்லா டிக்கெட்டை ரத்து செய்யவும் முடியாது. 20 சதவீத சார்ஜோடு கிளம்புபவர் கவுன்ட்டரில் நின்று வாங்கிவிடுவது உத்தமம்.

தட்கலுக்கும் ஆப்பே மேல். ஏசி வகுப்புக்கு காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி என்று தொடங்கும் அந்த ஓரிரு நிமிடத்தில் கேப்ட்சா, பாஸ்வேர்டு எல்லாம் செல்லின் சின்ன கீபோர்டில் அடித்துக்கொண்டிருக்க முடியாது. ஆப்பில் நுழைய பின் நம்பரோ விரல்ரேகையோ போதும். 2025 ஜூலை முதல் ஆதார் சரிபார்த்த கணக்கில்தான் ஆன்லைன் தட்கல் போட முடியும். அந்த வேலையை மட்டும் முதல் நாளே முடித்து வையுங்கள்.

இங்கே பணம் கட்டும் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். செல்லில் வெப்சைட் கவிழ்வது பெரும்பாலும் அங்கேதான். பிரவுசரில் யுபிஐ என்று அழுத்தியதும் பணம் கட்டும் ஆப் திறக்கிறது. பிரவுசர் பின்னால் போகிறது. 2 அல்லது 3 ஜிபி ரேம் உள்ள செல்லில், இடம் போதாமல் சிஸ்டம் அந்த பிரவுசர் பக்கத்தை மூடிவிடும். பின் நம்பர் அடித்துவிட்டுத் திரும்பி வந்தால் பக்கம் முதலிலிருந்து லோடாகும். பணம் போயிருக்கும், டிக்கெட் போட்டதா இல்லையா என்று தெரியாது. அந்த நேரத்தில் மறுபடியும் பணம் கட்டவே கட்டாதீர்கள். முதலில் அந்த சேவையின் புக்கிங் பட்டியலைப் பாருங்கள். பிறகு யுபிஐ ஆப்பில் அந்தப் பரிமாற்றத்தின் நிலையைப் பாருங்கள். இந்தத் தொல்லையைக் குறைக்க, பணம் கட்டும் முன் பின்னால் திறந்து கிடக்கும் மற்ற ஆப்களை மூடிவிட வேண்டும். சில தளங்கள் க்யூஆர் மட்டுமே காட்டும். கையில் இருப்பதே ஒரு செல் என்னும்போது அதன் திரையில் இருப்பதை அதே செல் எப்படி ஸ்கேன் செய்யும்? அங்கே கார்டைத் தேர்ந்தெடுங்கள். ஃபேஸ்புக்கில் வந்த லிங்கை அதற்குள்ளேயே திறந்தால் யுபிஐ ஆப் பல நேரம் திறக்காது. மேலே உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு, குரோமில் திறந்து கட்டுங்கள்.

கரண்ட் பில்லுக்கு ஆப் வேண்டாம். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, வருடத்துக்கு 6 தடவை செய்யும் வேலை. மின்வாரிய வெப்சைட்டில் லாகின் இல்லாமலே கட்டும் குவிக் பே இருக்கிறது: சர்வீஸ் நம்பர், கேப்ட்சா, பணம், ரசீது. அந்தப் பக்கத்தை குரோமில் மூன்று புள்ளி தொட்டு "முகப்புத் திரையில் சேர்" கொடுத்தால் ஆப் போலவே ஐகான் வந்து உட்காரும். இடம் என்று எதுவும் பெரிதாகப் பிடிக்காது.

பட்டா, சிட்டாவுக்கும் வெப்சைட்தான், ஆனால் நம் பக்கத்துக்காரர்கள் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. பழைய பத்திரத்தில் "வட ஆற்காடு மாவட்டம்" என்று இருக்கும். தளத்தில் அந்தப் பெயர் கிடையாது. 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததால் ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம், சோளிங்கர் இப்போது ராணிப்பேட்டையில். ஆம்பூர், வாணியம்பாடி, நாட்றம்பள்ளி திருப்பத்தூரில். காட்பாடி, குடியாத்தம், பேரணாம்பட்டு, அணைக்கட்டு, கே.வி.குப்பம் வேலூரிலேயே இருக்கின்றன. மாவட்டத்தைத் தப்பாகத் தேர்ந்தெடுத்துவிட்டு "எங்கள் கிராமமே காணோம்" என்று அலைபவர்கள் அதிகம். திருப்பத்தூர் என்ற பெயரில் சிவகங்கை மாவட்டத்திலும் ஒரு வட்டம் இருக்கிறது; அதைத் தொட்டுவிடாதீர்கள். சர்வே எண் 45/2ஏ என்று இருந்தால் 45-ஐ ஒரு கட்டத்திலும் 2ஏ-வை உட்பிரிவிலும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். எல்லாம் சரியாகக் கொடுத்தும் பட்டா திறக்கவில்லை என்றால் குரோம் பாப்-அப்பைத் தடுத்திருக்கலாம். செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், பாப்-அப் என்று போய் அந்தத் தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். எழுத்து நெருக்கியடித்துத் தெரிந்தால் செல்லைப் படுக்கை வாக்கில் திருப்பி, "டெஸ்க்டாப் சைட்" டிக் செய்து பாருங்கள்.

சாப்பாடு ஆர்டர் தினமும் போடுபவருக்கு ஆப், மாதம் ஒரு தடவை என்றால் பிரவுசர். பேங்குக்கு ஆப், சிம்மோடு பிணைத்துத் திறப்பதால் பிரவுசரை விடப் பாதுகாப்பு. இந்த ஆப்களை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதுதான் முக்கியம். "கரண்ட் பில் பாக்கி, இன்றிரவு கனெக்‌ஷன் கட்", "வண்டி ஃபைன்" என்று வாட்ஸ்அப்பில் ஏபிகே ஃபைல் (பிளே ஸ்டோர் இல்லாமலே ஆப்பை இன்ஸ்டால் செய்துவிடும் ஃபைல்) வரும். அதைத் தொடவே தொடாதீர்கள். பிளே ஸ்டோரில் மட்டும் எடுங்கள்; அரசுத் தளம் என்றால் முகவரியின் முடிவைப் படித்துப் பாருங்கள். வீட்டில் யாராவது ஏற்கெனவே இன்ஸ்டால் செய்துவிட்டிருந்தால், உடனே நெட்டை அணைத்து, வேறொரு செல்லிலிருந்து பேங்குக்கும், சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கும் போன் போடுங்கள்.