ரெகுலர் சேவர்: பெரிய வங்கியில் போடுவதா, ஊர்ச் சங்கத்தில் போடுவதா?

பிரிட்டனில் இருக்கும் நம்மவர்களிடம் சேமிப்பு என்று பேச்செடுத்தால் முதலில் வருவது சீட்டு, அப்புறம் வீட்டுக் கடன். ரெகுலர் சேவர் கணக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. அஞ்சலக ஆர்.டி. மாதிரிதான் இதுவும். மாதாமாதம் ஒரு தொகை போட வேண்டும், பெரும்பாலும் 12 மாதம், சாதாரணச் சேமிப்புக் கணக்கைவிடக் கூடுதல் வட்டி. பெரிய வங்கிகள் இதைத் தருகின்றன. சின்னச் சின்ன பில்டிங் சொசைட்டிகளும் (உறுப்பினர்களின் சேமிப்பைத் திரட்டி வீட்டுக் கடன் தரும் சங்கங்கள்) தருகின்றன. எதில் போடுவது என்பதுதான் கேள்வி.

பில்டிங் சொசைட்டி என்ற பெயரைப் பார்த்து மிரள வேண்டாம், அதன் பூர்வீகமே சீட்டுதான். 1775 வாக்கில் பர்மிங்காமில் ரிச்சர்ட் கெட்லி என்பவர் தன் மதுக்கடையில் தொடங்கிய சங்கத்தை முதலாவது என்பார்கள். அந்தக் காலத்துச் சங்கங்களில் உறுப்பினர்கள் மாதாமாதம் பணம் கட்டுவார்கள். போதிய பணம் சேர்ந்ததும் ஒருவருக்கு வீடு. எல்லோருக்கும் வீடு கிடைத்ததும் சங்கத்தைக் கலைத்துவிடுவார்கள். நிரந்தரச் சங்கங்கள் பிறகு வந்தவை. இன்றைக்கு நாடு முழுக்க நாற்பது சொச்சம் மிச்சம். நேஷன்வைட் யானை என்றால், வெர்னன், மார்ஸ்டன், ஏர்ல் ஷில்டன், ஹான்லி எகனாமிக் எல்லாம் அந்தந்த வட்டாரத்தைத் தாண்டினால் பெயர் தெரியாதவை. இவற்றுக்குப் பங்குதாரர் கிடையாது. கணக்கு வைத்திருப்பவர்தான் உறுப்பினர். ஆயிரம் பவுண்டு போட்டவருக்கும் லட்சம் போட்டவருக்கும் ஒரே ஓட்டு.

பணம் பத்திரமா என்று கேட்டால், இரண்டு பக்கமும் ஒன்றுதான். வங்கியோ சொசைட்டியோ மூழ்கினால், எஃப்.எஸ்.சி.எஸ். என்ற காப்புத் திட்டம் ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 1,20,000 பவுண்டு வரை திருப்பித் தரும். 2025 நவம்பர் இறுதி வரை இது 85,000-ஆக இருந்தது. மாதம் 200 கட்டுகிறவருக்கு இந்த வரம்பு எட்டாத உயரம். தெரிந்த ஒருவர் வீட்டில் பிடிக்கும் சீட்டுக்கு இந்தக் காப்பு எதுவும் கிடையாது. அவசரத்துக்கு, கட்டி முடிக்கும் முன்பே மொத்தத் தொகையையும் எடுத்துக்கொள்ளும் வசதி சீட்டில் மட்டுமே உண்டு என்பதையும் மறுக்க முடியாது. அதனால் இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனமில்லை.

சரி, வட்டிக்கு வருவோம். பலரும் ஏமாறுவது இங்கேதான். ஃபர்ஸ்ட் டைரக்ட் வங்கி 2022 கடைசியிலிருந்து 7% தந்து பேர் வாங்கியது. மாதம் 25 முதல் 300 பவுண்டு வரை கட்டலாம். முழுசாகக் கட்டினால் ஆண்டுக்கு 3,600. அதில் 7% என்றால் 252 பவுண்டு வரும் என்று மனம் கணக்குப் போடும். கைக்கு வருவது சுமார் 136. ஏமாற்று எதுவும் இல்லை. முதல் மாதம் போட்ட 300 பவுண்டுக்குத்தான் 12 மாத வட்டி. கடைசி மாதம் போட்டதற்கு ஒரு மாத வட்டிதான். சராசரியாகப் பார்த்தால் ஒவ்வொரு தவணையும் ஆறரை மாதம்தான் கணக்கில் கிடக்கிறது.

அந்த 136-ம் முழு லாபம் இல்லை. அதே பணத்தை எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய 4% கணக்கில் மாதாமாதம் போட்டிருந்தாலும் 78 பவுண்டு வந்திருக்கும். ஆக, ரெகுலர் சேவருக்காக மெனக்கெட்டதன் கூலி 58 பவுண்டு சொச்சம்.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு சின்னச் சங்கங்களைப் பாருங்கள். எஸ்ஸெக்ஸில் இருக்கும் சாஃப்ரன் பில்டிங் சொசைட்டி 2023-ல் பழைய உறுப்பினர்களுக்கு 9% தந்தது. கேட்டால் வாய் பிளக்கும். ஆனால் மாத உச்சவரம்பு 50 பவுண்டு. ஆண்டு முடிவில் வட்டி 29 பவுண்டு. கார்டிஃபின் பிரின்சிபாலிட்டி (அது சின்னதல்ல, வேல்ஸின் பெரிய சொசைட்டி) 2024-ல் 8% கொடுத்தது. மாதம் 200 கட்டலாம், ஆனால் ஆறே மாதம்தான். மொத்த வட்டி 28 பவுண்டு. விகிதத்தை மட்டும் வரிசைப்படுத்தினால் ஃபர்ஸ்ட் டைரக்ட் மூன்றாவது. கைக்கு வரும் காசை வரிசைப்படுத்தினால் அதுதான் முதலாவது. உச்சவரம்பையும் காலத்தையும் பார்க்காமல் விகிதத்தைப் பார்ப்பது, சேலையைப் பிரித்துப் பார்க்காமல் முந்தானையை மட்டும் பார்த்து வாங்குவது மாதிரி.

பெரிய வங்கியிலும் ஒரு கண்ணி உண்டு. நல்ல வட்டி பெரும்பாலும் அங்கே நடப்புக் கணக்கு (சம்பளம் வந்து விழும் அன்றாடக் கணக்கு) வைத்திருப்பவருக்குத்தான். ஃபர்ஸ்ட் டைரக்டிலும் அப்படித்தான், யானையான நேஷன்வைட் சொசைட்டியிலும் அப்படித்தான். ஏற்கெனவே கணக்கு இருந்தால் செயலியில் ஐந்து நிமிட வேலை. இல்லாவிட்டால் முதலில் அதைத் திறக்க வேண்டும். நடுவில் பணம் எடுக்கும் விதியும் ஒன்றுபோல இருக்காது. ஃபர்ஸ்ட் டைரக்டில் கொஞ்சமாக எடுக்க முடியாது. வேண்டுமென்றால் கணக்கையே மூட வேண்டும், அப்போது குறைந்த வட்டிதான். நேஷன்வைட்டில் மூன்று முறை எடுக்கலாம்.

சின்னச் சங்கங்களில் விதிகள் சங்கத்துக்குச் சங்கம், ஏன், வெளியீட்டுக்கு வெளியீடு (ஒரே சங்கம் அவ்வப்போது விடும் கணக்குத் திட்டம்) மாறும். சில, தங்கள் வட்டாரத்து அஞ்சல் குறியீடு உள்ளவர்களை மட்டும் சேர்க்கும். சிலவற்றில் கிளைக்கு நேரில் போக வேண்டும் அல்லது தபாலில் விண்ணப்பிக்க வேண்டும். செயலி இருக்காது, பாஸ்புக் இருக்கும். எனக்குப் பாஸ்புக் பிடிக்கும், அது வேறு விஷயம். பல கணக்குகளில் வட்டி மாறக்கூடியது. நாட்டின் மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கியின் அடிப்படை வட்டி விகிதம் 2023 ஆகஸ்டில் 5.25%-ஆக இருந்து, 2025 ஆகஸ்டில் 4%-ஆக இறங்கியது. அப்படி இறங்கும் காலத்தில் 'மாறும்' என்ற ஒரு சொல் நடு ஆண்டில் வட்டியைக் கரைத்துவிடும். ஃபர்ஸ்ட் டைரக்ட் கணக்கில் 12 மாதமும் அதே வட்டி நிலையானது. நான் விளம்பரத்தில் முதலில் தேடுவது வட்டி நிலையானதா, மாறுமா என்பதைத்தான், சதவீதத்தை அல்ல.

அடுத்தது அடையாளச் சோதனை. நம் பெயர்கள் இங்கே படுத்தும் பாடு தனிக் கதை. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக நிற்கும், வங்கியில் அது இனிஷியலாகச் சுருங்கியிருக்கும், கவுன்சில் வரி பில்லில் இரண்டும் இடம் மாறியிருக்கும். கணினிச் சோதனை 'பொருந்தவில்லை' என்று சொல்லிவிட்டால், சான்றொப்பம் இட்ட நகல்களைத் தபாலில் அனுப்பச் சொல்வார்கள். நான் ஒரு சின்னச் சங்கத்துக்கு அப்படி அனுப்பினேன். ஒப்பமிட்ட நண்பர் தேதி போட மறந்துவிட்டார். எல்லாம் திரும்பி வந்தது. சரிசெய்து மறுபடி அனுப்புவதற்குள் அந்த வெளியீட்டையே மூடிவிட்டார்கள். நல்ல வட்டிக் கணக்குகள் சில நாட்களிலேயே மூடப்படுவது இங்கே சகஜம்.

இதைத் தவிர்க்க ஒரு வழி உண்டு: வாக்காளர் பட்டியல். கணினிச் சோதனை பெயரையும் முகவரியையும் அதிலும் ஒத்துப்பார்க்கும். இந்திய, இலங்கைக் குடிமக்கள் காமன்வெல்த் நாட்டவர் என்பதால், இங்கே தங்க அனுமதி பெற்று வாழும் காலத்தில் பிரிட்டிஷ் வாக்காளராகப் பதியலாம். குடியுரிமை வாங்கும்வரை முடியாது என்று நினைத்துச் சும்மா இருப்பவர்கள் நிறைய. பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரைப் பதிந்துவிட்டால் கணினிச் சோதனையில் தேறும் வாய்ப்பு கூடும்.

வரியைப் பற்றி ஒரு வரி. அடிப்படை விகித (20%) வருமான வரி கட்டுபவருக்கு ஆண்டுக்கு 1,000 பவுண்டு வட்டி வரை வரி இல்லை, 40% கட்டுபவருக்கு 500 வரை. மற்ற சேமிப்பு அதிகம் இல்லாதவருக்கு ரெகுலர் சேவர் வட்டி அதற்குள் அடங்கிவிடும்.

என் தேர்வைக் கேட்டால்: ஏற்கெனவே கணக்கு இருக்கும் வங்கியின் ரெகுலர் சேவரை முதலில் உச்சவரம்பு வரை நிரப்புவேன். அதற்கு மேலும் மாதம் மிச்சம் பிடிக்க முடிந்தால் ஒரே ஒரு சின்னச் சங்கம். அதில் மாத உச்சவரம்பு 150-க்குக் குறையாமல் இருக்க வேண்டும், ஒரு முறையாவது பணம் எடுக்க அனுமதி இருக்க வேண்டும், ஆன்லைனில் திறக்க முடிய வேண்டும் அல்லது கிளை பஸ் தூரத்தில் இருக்க வேண்டும். எட்டுச் சங்கங்களில் எட்டுக் கணக்கு வைத்து, அட்டவணை போட்டுப் பார்த்துக்கொள்ளும் ஆட்களும் உண்டு. அவர்களுக்கு அது ஒரு விளையாட்டு. 50 பவுண்டு உச்சவரம்புள்ள 8% கணக்கு, 4% கணக்கைவிட ஆண்டுக்குத் தருவது 13 பவுண்டு கூடுதல். அதற்காக நகல், சான்றொப்பம், தபால் தலை என்று அலைய எனக்குப் பொறுமை இல்லை.

எதைத் திறந்தாலும், ஸ்டாண்டிங் ஆர்டர் (மாதாமாதம் பணம் தானாகப் போகும் ஏற்பாடு) போடும் அன்றே முதிர்வுத் தேதியையும் கைப்பேசியில் குறித்துவையுங்கள். அந்தத் தேதி தாண்டினால் பணம் பெரும்பாலும் குறைந்த வட்டிக் கணக்கு ஒன்றுக்குத் தானாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். ஸ்டாண்டிங் ஆர்டரையும் நீங்களே நிறுத்த வேண்டும். நான் ஒருமுறை மறந்துவிட்டு, மூடிய கணக்குக்கு இரண்டு மாதம் பணம் அனுப்பினேன். இரண்டு முறையும் அது பத்திரமாகத் திரும்பி வந்தது.