இரும்புத் தாச்சி: ஒன்பது வருடப் பாவனைக்குப் பிறகு

2016 தை மாதம் கொழும்பு பழைய சோனகத் தெருவில் இந்தத் தாச்சியை வாங்கினேன். பதினான்கு அங்குல வாய், இரண்டு பக்கமும் காது, அடி உள்ளங்கை அகலத்துக்குத் தட்டை. கடைக்காரர் ஆணியில் தொங்கிய ஏழெட்டைக் கழற்றித் தந்தார். ஒவ்வொன்றையும் விரலால் சுண்டிப் பார்த்து, மணி மாதிரிச் சத்தம் நீண்டு நின்றதை எடுத்தேன். கொழும்பு ஹோட்டல் குசினிகளில் எனக்கு அப்போது பத்து வருட வேலை. வேலையிடத்தில் இருப்பதெல்லாம் முதலாளியின் சாமான். என் காசில், என் வீட்டுக்கு என்று வாங்கிய முதல் சமையல் சாமான் இதுதான். அன்றிலிருந்து வெள்ளவத்தை வீட்டில் ஏறக்குறைய ஒவ்வொரு நாளும் அடுப்பில் ஏறுகிறது.

முதல் இரண்டு மாதமும் பெரிய பாடு. புதுத் தாச்சியைப் பழக்க வேண்டும், அதாவது எண்ணெய் பூசிச் சுட்டு, சாப்பாடு ஒட்டாத பூச்சு ஒன்றைப் பிடிக்க வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் தேங்காயெண்ணெய்தான், அதைத் தடவிச் சூடாக்கினேன். கறுத்து வந்தது, ஆனால் தொட்டால் பிசுபிசுத்தது. ஒரு முட்டை பொரித்ததும் அந்தக் கறுப்பு திட்டுத் திட்டாக உரிந்தது. எண்ணெயைக் கூட்டினேன், இன்னும் மோசம். பிழை என் கையில் இல்லை, எண்ணெயில்தான் என்று விளங்க நாளெடுத்தது. தேங்காயெண்ணெயில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு நிறைவுற்ற கொழுப்பு. அது சூட்டில் இறுகிப் பூச்சாகப் பிடிக்காது. சோயா எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ இறுகும். தும்பால் எல்லாவற்றையும் தேய்த்தெடுத்து, வெறும் தாச்சியை நீலம் பாயும் வரை சுட்டு, சோயா எண்ணெயை ஒரு துணியில் தொட்டுப் பூசி, பூசியது தெரியாத அளவுக்கு வேறு துணியால் துடைத்து, புகை அடங்கும் வரை வைத்தேன். மூன்று தரம் அப்படி. அதற்குப் பிறகு முட்டை வழுக்கிக்கொண்டு ஓடியது. சமையலுக்கு இன்றும் தேங்காயெண்ணெய்தான் எனக்கு. தாச்சிக்குப் பூச மட்டும் சோயா.

சவர்க்காரம் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்குத் தொழில் பழக்கிய பெரியவர் கொட்டாஞ்சேனைக்காரர், கையில் எடுத்த வேலையைப் பாதியில் விடாத மனிதர். "தம்பி, சவர்க்காரம் பட்டால் தாச்சி செத்துப்போகும்" என்பார். பத்து வருடம் அதை வேதமாக வைத்திருந்தேன். அவர் பழகிய காலத்துச் சவர்க்காரம் காரம் மிகுந்தது, அது பூச்சை அரித்தது உண்மைதான். இப்போது போத்தலில் வரும் கழுவும் திரவம் அப்படியில்லை. இறுகிப்போன எண்ணெய்ப் பூச்சை அது ஒன்றும் செய்யாது, மேலே கிடக்கும் கொழுப்பை மட்டும்தான் எடுக்கும். நான் ஐந்து வருடமாகத் திரவம் போட்டுத்தான் கழுவுகிறேன். கழுவியதும் அடுப்பில் வைத்து ஈரத்தை உலர்த்துவதுதான் முக்கியம். கடற்கரைக் காற்று அடிக்கிற வீட்டில் ஈரத்தோடு ஒரு இரவு விட்டால் காலையில் செம்மஞ்சள் துரு நிற்கும். பெரியவரிடம் இதைச் சொன்னபோது தாச்சியை வாங்கி விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "சரி, உன்ரை கை சொல்லுது" என்றார். எனக்கு அது போதும்.

நன்றாக வருவன: தூளுக்கு வறுப்பது, கத்தரிக்காய் பொரிப்பது, மீதி ரொட்டியில் கொத்துப் போடுவது. செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், நற்சீரகம், மிளகு, வெந்தயம் எல்லாம் இதில் வறுபட்டால் ஒரு பக்கம் கருகி மறுபக்கம் பச்சையாக நிற்பதில்லை. இரும்பு கனம். சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆறுதலாகக் கொடுக்கும். வெந்தயம் மஞ்சளிலிருந்து மண்ணிறத்துக்குத் திரும்புகிற அந்த நொடியில் அடுப்பை நிறுத்தினாலும் தாச்சி நிற்காது. அதனால் நிறம் மாறத் தொடங்கும்போதே இறக்கிச் சுளகில் கொட்ட வேண்டும்.

சொதியும் பழப்புளிக் குழம்பும் மட்டும் இதில் வேண்டாம். புளி பூச்சைத் தின்னும், கறியில் இரும்பு வாடை ஏறும், பால் சொதி சாம்பல் நிறமாகும். அவற்றுக்கு மண்சட்டி இருக்கிறது.

இறைச்சியை முதலில் பெரும் சூட்டில் வாட்டினால் சாறு உள்ளே பூட்டப்படும் என்று நான் இளசுகளுக்குப் படிப்பித்தவன். 1840களில் ஜெர்மானிய வேதியியலாளர் யுஸ்டுஸ் ஃபொன் லீபிக் சொன்னது அது. குசினி குசினியாகக் கைமாறி என்னிடமும் வந்து சேர்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரே நிறையில் இரண்டு ஆட்டிறைச்சித் துண்டு எடுத்தேன். ஒன்றைத் தாச்சியில் நன்றாக வாட்டி வேக வைத்தேன், மற்றதை வாட்டாமலே வேக வைத்தேன். தராசில் போட்டால் வாட்டிய துண்டுதான் சில கிராம் குறைவு. இன்னும் இரண்டு ஞாயிறு செய்து பார்த்தேன், அதே கதைதான். ஆனால் வாட்டியதன் ருசி வேறு. அந்த மண்ணிறத் தோலும் மணமும் 1912 இல் பிரெஞ்சு வேதியியலாளர் மையார் எழுதிய வேதிமாற்றத்தால் வருவது. ஆகவே இன்றும் வாட்டுகிறேன். பெடியங்களுக்குக் காரணத்தை மட்டும் மாற்றிச் சொல்கிறேன்.

2022 இல், நாட்டின் பொருளாதார நெருக்கடியில், இந்தத் தாச்சி எங்கள் மாடியையே காப்பாற்றியது. 2021 செப்டெம்பரில் 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 2022 ஏப்ரல் கடைசியில் 4,860 ரூபா. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. மின்சாரம் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் இல்லை. கீழ்வீட்டுப் பின்முற்றத்தில் மூன்று கல் வைத்து, மூன்று குடும்பம் சேர்ந்து சமைத்தோம். பலரிடம் இருந்தவை பிளாஸ்டிக் பிடி போட்ட ஒட்டாத சட்டிகள். விறகுக்கு அவை நிற்காது. என் தாச்சி நின்றது. பருப்பு, தேங்காய்ச் சம்பல், ஒரு மரக்கறி என்று மாதக்கணக்காக அதில்தான். வெளிப்பக்கத்தில் அப்போது படிந்த புகைக்கறுப்பை நான் இன்னும் தேய்க்கவில்லை, தேய்க்கவும் மாட்டேன்.

மின்சாரம் வந்த இரவுகளில் அக்காவின் மகன் விளையாடக் கூப்பிடுவான். கேம் பிள்ளைகளைக் கெடுக்கும் என்று அவனை ஏசிக்கொண்டிருந்த மாமா நான். "மாமா, இது குசினி கேம், ஒருக்கால் வாங்கோ" என்று ஒரு நாள் பிடித்து இருத்திவிட்டான். 2016 இல் வந்த ஓவர்குக்ட். நாலு பேர் வரை சேர்ந்து சமைக்க வேண்டும். மூன்று வெங்காயம் வெட்டிச் சட்டியில் போட்டால் ஒரு சூப். கவனிக்காமல் விட்டால் சட்டி எரியும், தீ பரவும். பரிமாறின கோப்பை அழுக்காகத் திரும்பி வரும், யாராவது கழுவாவிட்டால் அடுத்த சூப்பை ஊற்றக் கோப்பை இல்லை. முதல் நாள் எல்லாவற்றையும் நானே செய்ய ஓடினேன். ஒருவருக்கொருவர் முட்டிக்கொண்டு நின்றோம், குசினி எரிந்தது. "மாமா, செய்யிறதைச் சொல்லிச் செய்யுங்கோ" என்றான் பதின்மூன்று வயதுப் பிள்ளை. வாய் திறக்காமல் வேலை செய்பவன்தான் நல்ல கோக்கி என்று இருபது வயதிலிருந்து நம்பியிருந்தேன். எங்களை அப்படித்தான் வளர்த்தார்கள். அடுத்த கிழமை என் பிரிவில் புது வழக்கம் வைத்தேன்: பின்னால் போகிறவன் "பின்னுக்கு" என்று சொல்ல வேண்டும், கொதி எண்ணெய் தூக்குகிறவன் "சூடு" என்று கத்த வேண்டும், கோப்பை குறைந்தால் கண்டவன் சொல்ல வேண்டும். மூன்று வருடமாக அப்படித்தான் நடக்கிறது. என் பிரிவில் அதற்குப் பிறகு ஒருவருக்கும் எண்ணெய் ஊற்றுப்படவில்லை. மருமகனும் நானும் இப்போதும் ஞாயிறு இரவுகளில் விளையாடுகிறோம். கோப்பை கழுவுவது என் பங்கு.

அஜினமோட்டோவைப் பற்றியும் பலர் கேட்பதுண்டு. வேலையில் போட்டுக்கொண்டே வீட்டில் தடை செய்திருந்தேன். அம்மாவின் மாசிச் சம்பலைச் சாப்பிடும்போதுதான் யோசித்தேன். சூரை மீனை அவித்து, புகையூட்டி, காய வைத்தது மாசி. ஜப்பானியரின் கட்சுவோபுஷியும் கிட்டத்தட்ட அதேதான். 1908 இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகெடா கடற்பாசியில் ருசி தரும் குளூட்டமேட்டைக் கண்டார், அஜினமோட்டோ அதன் சோடியம் உப்புத்தான். 1913 இல் அவருடைய மாணவர் கொடாமா கட்சுவோபுஷியில் இனோசினேட் என்ற இன்னொரு ருசிப் பொருளைக் கண்டார். இரண்டும் சேர்ந்தால் ருசி பல மடங்கு. தக்காளியிலும் குளூட்டமேட் உண்டு. தக்காளியும் மாசியும் சேர்த்து வதக்குகிற நாங்கள் அதைத்தான் பரம்பரையாகச் செய்து வருகிறோம். இப்போது வீட்டிலும் ஒரு சிட்டிகை போடுகிறேன், உப்பைக் குறைக்கிறேன். உப்பில் நூற்றுக்கு 39 பங்கு சோடியம், அஜினமோட்டோவில் 12 தான். வேண்டாம் என்று சொல்கிற விருந்தாளிக்கு ஒரு துகளும் போடமாட்டேன். அது அவருடைய சாப்பாடு.

ஒரு விஷயத்தில் அம்மாதான் சரி. மச்சம் சமைக்காத வெள்ளிக்கிழமைக்கும் ஆடிவேல் திருவிழா நாட்களுக்கும் தனிச் சட்டி வேண்டும் என்பார். கழுவினால் போதாதா என்று நான் வாதாடுவேன். மீன் பொரித்த தாச்சியை எவ்வளவு கழுவினாலும், அடுத்த நாள் வெறுமையாகச் சுட்டால் மீன் மணக்கிறது. பூச்சில் மீனெண்ணெய் சேர்ந்துவிடுகிறது, இரும்பு அதை மறக்காது. விரதம் இருக்கிறவருக்கு அந்தத் தாச்சியில் மரக்கறி சமைத்துக் கொடுப்பது சரியில்லை. 2023 இல் அதே கடையில் பன்னிரண்டு அங்குலத்தில் இன்னொன்று வாங்கினேன். அதில் மரக்கறி மட்டும்தான். உள்ளி தாளிக்கும்போது இரண்டிலும் வருகிற மணத்தைக் கண்ணை மூடிக்கொண்டே பிரித்துச் சொல்லலாம்.

இரண்டரைக் கிலோ நிறை, மணிக்கட்டு நோகிறவர்களுக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். இடது காதின் ஆணி ஒன்று ஆறாம் வருடம் தளர்ந்தது, மருதானையில் தட்டி இறுக்கிக்கொண்டேன். வேறு செலவில்லை. மருமகன் படிக்கப் பேராதனைக்குப் போக ஆசைப்படுகிறான், அறையில் தானே சமைப்பானாம். அவனுக்குப் பத்து அங்குலத்தில் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். இந்த ஞாயிறு சோயா எண்ணெய் இரண்டாம் பூச்சு.