வன்னியிலிருந்து பொலிஸ் வேலைக்கு விண்ணப்பித்தல்: இந்தச் சேவை எப்படி?

பொலிசில் சேர ஆசைப்படுகிற பிள்ளை விடியப்புறம் எழும்பிக் குளக்கட்டில் ஓடுகிறது. ஓடட்டும். ஆனால் கால் ஓடுகிற வேகத்துக்குக் கோப்பு ஓடுவதில்லை. அளவெடுக்கும் இடத்துக்குப் போக முன்னமே காகிதத்தில் விழுந்துவிடுகிற பிள்ளைகள் எங்கள் பக்கம் நிறைய.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம். வெற்றிடங்கள் இலங்கை அரசின் அறிவித்தல் ஏடான வர்த்தமானியின் பகுதி I, தொகுதி IIஅவில் தமிழிலும் வருகின்றன. வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வெளியாகும், இணையத்தில் இலவசமாக எடுக்கலாம். கான்ஸ்டபிள், பெண் கான்ஸ்டபிள், கான்ஸ்டபிள் சாரதி, உப பொலிஸ் பரிசோதகர் என்று ஒவ்வொன்றுக்கும் தகைமை வேறு. கான்ஸ்டபிளுக்குச் சாதாரண தரத்தில் தாய்மொழியும் கணிதமும் உட்பட 6 பாடங்கள் வேண்டும். எத்தனை திறமைச் சித்தி (C), எந்த வயது வரை என்பவை அறிவித்தலுக்கு அறிவித்தல் மாறுவதால், போன வருடத்துப் படிவத்தைப் பார்த்து நிரப்பக் கூடாது.

இனிப் பிரச்சினைக்கு வருவோம். இன்று விண்ணப்பிக்கிற பிள்ளைகளில் பலர் 2009இல் கைக்குழந்தைகள், அல்லது ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள். இடம்பெயர்வில் பதிவுகள் தொலைந்தன. சிலருக்குக் காலங்கடந்த பிறப்புப் பதிவு. ஒரு பள்ளிக்கூடத்தில் தகப்பன் பெயர் முன்னெழுத்தாக இருக்கும், அடுத்த பள்ளிக்கூடத்தில் முழுப்பெயராக இருக்கும். அடையாள அட்டையில் ஆங்கிலப் பெயர் 'எஸ்'ஸில் தொடங்க, பெறுபேற்றில் 'எஸ்-எச்' என்று இருக்கும். வீட்டுக்காரருக்கு எல்லாம் ஒரே பிள்ளைதான். கோப்பைப் பார்க்கிறவருக்கு இரண்டு பேர்.

எழுத்துப் பிசகு என்றால் சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி (சத்தியம் செய்து ஒப்பமிடும் பத்திரம்) முடித்து இணைக்கலாம். பிறந்த திகதியோ பெயரோ அடியோடு மாறியிருந்தால் அது போதாது. பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் திருத்தத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழைத்தான் முதலில் திருத்த வேண்டும், அடையாள அட்டை அதற்குப் பிறகு. இந்த வரிசையை மாற்றினால் இரண்டு முறை அலைய வேண்டிவரும். இதற்கு மாதக்கணக்கில் நாள் எடுக்கும் என்பதால், வர்த்தமானி வந்த பிறகு தொடங்கினால் பஸ் போய்விட்டது என்றே வையுங்கள்.

நற்சான்றிதழ் வேறு கதை. கிராம அலுவலர் எழுதிப் பிரதேச செயலாளர் மேலொப்பமிட வேண்டும், அது 6 மாதத்துக்குத்தான் செல்லும். வெள்ளெனவே எடுத்துப் பெட்டியில் பூட்டி வைத்தால் நேர்முகப் பரீட்சையன்று காலாவதியாகியிருக்கும்.

விண்ணப்பத்தை நிரப்பித் தரும் கொமினிக்கேசன் கடைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. தட்டச்சு சுத்தமாக இருக்கும். ஆனால் நிரந்தர முகவரிக்குரிய பொலிஸ் நிலையம் என்ற இடத்தில், பிள்ளையிடம் கேளாமல் பக்கத்து ரவுண் நிலையத்தை அடித்துவிடுவதும் நடக்கும். பின்னணி விசாரிக்கும்போது அங்கே உங்களைத் தெரிந்த ஒருவரும் இருக்கமாட்டார். காசைக் கொடுக்க முன் ஒவ்வொரு வரியையும் வாசியுங்கள். தபாலில் கேட்டிருந்தால் பதிவுத்தபாலில் அனுப்பி, உறையின் இடதுபக்க மேல்மூலையில் பதவியை எழுதுங்கள். முடிவுத் திகதி என்பது கடிதம் போய்ச் சேர வேண்டிய நாள். உள்ளூர் உப தபாலகத்தில் அன்றைக்குப் போட்டால் பிந்திவிடும். பதிவுத்தபால் துண்டைக் கவனமாக வையுங்கள், அனுப்பியதற்கு அதுதான் சாட்சி.

உடம்பு விடயத்தில் ஒளிவுமறைவு இல்லை. அண்மைய அறிவித்தல்களில் கான்ஸ்டபிளுக்கு ஆணென்றால் குறைந்தது 5 அடி 4 அங்குலம், பெண்ணென்றால் 5 அடி 2 அங்குலம். வீட்டுச் சுவரில் பென்சில் கோடு போட்டு அளந்ததை நம்பாமல், வெறுங்காலுடன் சரியான அளவுகோலில் ஒருமுறை பாருங்கள். கண் பார்வை கண்ணாடி இல்லாமலே ஒவ்வொரு கண்ணிலும் 6/12 (சாதாரண கண் 12 மீற்றரில் வாசிப்பதை 6 மீற்றரில் வாசிப்பது) இருக்க வேண்டும். போன் பார்த்தே கண்ணைக் கெடுத்த பிள்ளைகள் இங்கேதான் அடிபடுகிறார்கள். அரச வைத்தியசாலைக் கண் கிளினிக்கில் முன்கூட்டியே பார்த்தால் வீண் அலைச்சல் மிச்சம். எழுத்துப் பரீட்சையில் நுண்ணறிவும் பொது அறிவும் வரும். விண்ணப்பத்தில் தெரிவுசெய்த மொழியைப் பிறகு மாற்ற முடியாது.

வேலை கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோதான் கிடைக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். நாட்டின் எந்த மூலைக்கும் அனுப்புவார்கள், முதல் 3 வருடம் தகுதிகாண் காலம். சிங்களம் கொஞ்சமாவது பேசத் தெரிந்திருந்தால் பயிற்சிக் காலம் இலகு.

எங்கள் மதிப்பு: அறிவித்தலுக்கு 5க்கு 4, விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று நடுவில் தகவல் சொல்வதற்கு 2. விண்ணப்பித்தபின் வரும் நீண்ட மௌனத்தில்தான் "ஆளைத் தெரியும், எடுத்துத் தாறன்" என்று தரகர் படலையடிக்கு வருகிறார். இலஞ்சம் கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954.