வேலிக் கட்டைக்குக் கழிவு ஒயிலா, பிற்றுமினா?

மட்டக்களப்பு வாவியின் மேற்கேயுள்ள படுவான்கரைப் பக்கம் வேலி அடைப்பவர்கள், கறையான் ஏறாதிருக்கக் கட்டையின் அடியில் எதையாவது பூசிய பின்னரே அதை நடுகிறார்கள். கராஜில் ஏறக்குறைய இலவசமாகக் கிடைக்கும் கழிவு எஞ்சின் ஒயில் ஒரு வழி; கடையில் விலை கொடுத்து வாங்கும் பிற்றுமின் (வீதிக்கு ஊற்றும், தார் போன்ற கறுப்புப் பொருள்) பூச்சு மற்றொன்று. எங்கள் வளவுக்குப் புதிய கட்டை போட்டபோது நான் பிற்றுமினையே எடுத்தேன். விலையிலும் பூசும் இலகுவிலும் ஒயிலே முந்தும் என்பதில் வாதமில்லை. என் முடிவைத் தீர்மானித்தது, எந்தப் பொருள் எத்தனை முறை கையில் படுகிறது என்ற கணக்கு.

இப்படிப்பட்ட பொருள் திரும்பத் திரும்பத் தோலில் படுவது ஏன் முக்கியம்? 1915இல் யப்பானிய ஆய்வாளர்களான யமகிவாவும் இச்சிகாவாவும், முயல்களின் காதில் நிலக்கரித் தாரை மாதக்கணக்கில் திரும்பத் திரும்பப் பூசிப் புற்றுநோயை உண்டாக்கிக் காட்டினார்கள். அந்தத் தாரிலிருந்து 1930களில் பிரித்தெடுக்கப்பட்ட பென்சோபைரீன், பல வளையங்கள் பிணைந்த அரோமற்றிக் ஐதரோகாபன்கள் எனும் காபன்-ஐதரசன் சேர்மங்களில் ஒன்று. உடலின் நொதியங்கள் அதை மாற்றும்போது உருவாகும் பொருள் டி.என்.ஏ.யுடன் ஒட்டிக்கொண்டு புற்றுநோய்க்கு வழிசெய்கிறது.

பாரமான எண்ணெய்ப் பொருள் என்றால் ஆபத்தும் அதிகம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் மசகெண்ணெயின் (சுத்திகரிக்காத கச்சா எண்ணெயின்) மிகப் பாரமான எச்சமான பிற்றுமினில், அது கடும் வெப்பத்தில் சிதைக்கப்படாமல் வெற்றிடத்தில் வடிக்கப்படுவதால், இச்சேர்மங்கள் நிலக்கரித் தாரில் உள்ளதைவிட மிக மிகக் குறைவு. புது எஞ்சின் ஒயிலும் நன்கு சுத்திகரிக்கப்பட்டதே. அது எஞ்சினுக்குள் ஓட ஓட, எரிபொருள் எரிவதில் உண்டாகும் அரோமற்றிக் சேர்மங்கள் அதில் சேர்கின்றன. டீசல் எஞ்சினைவிடப் பெற்றோல் எஞ்சினில் இது கூடுதல். அவ்வாறு பயன்படுத்திய ஒயிலைத் தோலில் பூசிய சுண்டெலிகளுக்குக் கட்டிகள் தோன்றியுள்ளன.

இனிப் பராமரிப்பு. ஒயில் உலர்ந்து படலமாவதில்லை. மாரி மழை அதைக் கழுவிக்கொண்டு போக, மறுபடியும் தகரமும் தூரிகையுமாக இறங்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் கை, சாரம், துடைத்த துணி எல்லாம் நனைகின்றன. வாவிக்குக் கிழக்கே கடலோரமான எழுவான்கரையின் மணல் நிலத்தில் கிணற்று நீர் மிக மேலேயே நிற்பதால், கழுவப்பட்ட ஒயில் போய்ச் சேரும் இடத்தையும் நினைக்க வேண்டும். பிற்றுமின் உலர்ந்து படிந்துவிடும். வெடித்த இடத்தை மட்டும் திருத்தினால் போதும்.

பிற்றுமினும் குற்றமற்றதன்று. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2011இல் கூடி ஆராய்ந்து, கூரை வேலையில் ஒட்சியேற்றிய பிற்றுமினுக்கு ஆளாவதை 2ஏ (மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் வாய்ப்பு அதிகம்) பிரிவிலும், வீதி வேலையில் சாதாரண பிற்றுமினுக்கு ஆளாவதை 2பி (உண்டாக்கக்கூடும்) பிரிவிலும் வைத்தது. அவை பெரும்பாலும் சூடாக்கும்போது எழும் புகையைப் பற்றியவை என்பதால், நான் நீரில் குழம்பாக்கிய, குளிராகவே பூசும் வகையை வாங்கினேன். பிற்றுமினைப் பீப்பாயில் காய்ச்சிக் கழிவு ஒயில் ஊற்றி இளக்குபவர்கள் இரண்டின் தீமையையும் ஒன்றாகவே வாங்கிக்கொள்கிறார்கள்.

என் கட்டைகள் இன்னும் அதிக மாரிகளைக் காணவில்லை. ஆகவே ஆயுளில் எது வெல்லும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். பிற்றுமின் கறையானைக் கொல்லாது, வழியை மட்டுமே அடைக்கிறது. காயாத கட்டைக்குப் பூசினால் ஈரம் உள்ளே சிக்கி உளுத்துப்போகலாம். ஏற்கெனவே ஒயில் பூசிய கட்டைகளைப் பிடுங்கும் வீடுகளில், அவற்றை அடுப்பு விறகாக்காமல் இருப்பது நல்லது.