பார்ட் 61 பள்ளியா, பார்ட் 141 பள்ளியா?

அமெரிக்காவுக்குப் போய் விமானம் ஓட்டக் கற்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எதுல மணிநேரம் கம்மி?" என்றுதான். அங்கே பயிற்சி நடப்பது விமானத் துறையைக் கட்டுப்படுத்தும் எஃப்ஏஏ-வின் இரண்டு விதிகளில் ஒன்றின்கீழ்: பார்ட் 61, பார்ட் 141. பிரைவேட் பைலட் லைசென்ஸுக்கு பார்ட் 61-இல் குறைந்தது 40 மணி, பார்ட் 141-இல் 35. சம்பளத்துக்கு ஓட்டத் தேவையான கமர்ஷியல் லைசென்ஸுக்கு முறையே 250, 190. காகிதத்தில் 141 மலிவு. ஆனால் 35, 40 மணியில் பிரைவேட்டை முடிப்பவர்களைக் காண்பதே அரிது. கமர்ஷியலை 190-இல் முடித்துவிட்டு ஊர் திரும்பினாலும், இந்தியாவில் லைசென்ஸ் தரும் டிஜிசிஏ 200 மணி கேட்கும். மிச்சத்தை எங்காவது பறந்தே தீர வேண்டும்.

கடைசித் தேர்வும் இரண்டு வகை மாணவர்களுக்கும் ஒன்றுதான். பிரைவேட் தேர்வில் 45 டிகிரி சாய்த்துச் சுற்றும்போது உயரம் 100 அடிக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது. எந்த விதியில் படித்தீர்கள் என்பதற்காகச் சலுகை கிடையாது.

அதனால் நான் பார்ப்பது வேறு. இன்ஸ்ட்ரக்டர் மாறினால் பாடமும் மாறிவிடுகிறதா?

நான் ஆரம்பித்தது பார்ட் 61-இல், செஸ்னா 172 என்ற சிறு விமானத்தில். முதல் இன்ஸ்ட்ரக்டர் சொல்லிக்கொடுத்தது: லேண்டிங்குக்கு வரும்போது உயரத்துக்கு த்ராட்டில் (இன்ஜின் விசை), வேகத்துக்கு மூக்கை ஏற்றி இறக்குவது. அவருக்கு ஏர்லைனில் வேலை கிடைத்துவிட்டது. (அங்கே ஏர்லைனில் சேர பெரும்பாலும் 1,500 மணி வேண்டும் என்பதால், பாடம் எடுக்கிறவர்களில் பாதிப்பேர் மணி சேர்க்க வந்தவர்கள்தான்.) அடுத்து வந்தவர் நேர் எதிர்: மூக்கை ரன்வேக்கு நேரே வை, வேகத்தை த்ராட்டிலில் பார். இரண்டும் சரியான முறைதான். ஒருநாள் 65 நாட் வேகத்தில், தரையிலிருந்து சுமார் 300 அடியில், "தாழ்ந்துட்டோம்" என்றார். பழக்கத்தில் நான் த்ராட்டிலைத் தள்ளினேன். அவர் ஒரு வார்த்தை சொல்லாமல் மூக்கை ஏற்றி இறக்கும் யோக்கை இழுத்தார். மூக்கு மேலே எகிறியது. அந்த ஐந்து வினாடி விமானத்தை ஓட்டியது நானா அவரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இதற்குத்தான் கட்டுப்பாட்டைக் கைமாற்றும்போது மூன்று முறை சொல்லும் வழக்கம் இருக்கிறது. "யூ ஹேவ் த கண்ட்ரோல்ஸ்", "ஐ ஹேவ் த கண்ட்ரோல்ஸ்", மறுபடி "யூ ஹேவ் த கண்ட்ரோல்ஸ்". இங்கிலாந்தின் காஸ்போர்ட்டில் 1917-இல் பிரிட்டிஷ் விமானி ஸ்மித்-பாரி தன் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியபோது, இன்ஜின் சத்தத்தை மீறி மாணவனிடம் பேச ஒரு குழாய் வைத்தார்கள். இன்று ஹெட்செட்டில் குரல் கணீரென்று கேட்கிறது; ஆனால் "தாழ்ந்துட்டோம்" என்றால் அடுத்து கை எதற்குப் போக வேண்டும் என்பதை ஹெட்செட் சொல்லாது.

141 பள்ளிக்கு எஃப்ஏஏ ஒப்புதல் பெற்ற சிலபஸ் உண்டு. ஒவ்வொரு பாடத்தையும் எந்த அளவுக்குச் செய்தால் முடிந்தது என்று எழுதியே இருக்கும். பெரிய லாபம், இடையிடையே நடக்கும் ஸ்டேஜ் செக் என்ற சோதனை. பெரும்பாலும் உங்களுக்குப் பாடம் எடுக்காத ஒருவர் வந்து உட்கார்ந்து பார்ப்பார். உங்கள் இன்ஸ்ட்ரக்டரின் கோணல் பழக்கம் அங்கேயே வெளிப்பட்டுவிடும். 61-இல் வேறொருவர் பார்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கடைசித் தேர்வு வரை இல்லை. தவிர, மாணவர்களில் 80 சதவீதம் பேராவது முதல் தடவையே தேறாவிட்டால் 141 ஒப்புதலைப் புதுப்பிப்பது சிக்கல்.

ஆனால் இறுக்கம் இருக்கிறது. பக்கக்காற்று அருமையாக வீசும் நாளில், பாடத்தின் முறை வரவில்லை என்று வேறு எதையோ பறப்பீர்கள். அந்த விஷயத்தில் 61 சௌகரியம், வேலைக்குப் போய்க்கொண்டே வாரக்கடைசியில் படிப்பவருக்கு அதுதான் சரி. நல்ல இன்ஸ்ட்ரக்டர் ஒருவர் கடைசிவரை கூட இருந்தால் 141-ஐவிட நன்றாகவே கற்கலாம். இருப்பார் என்பதற்குத்தான் உத்தரவாதம் இல்லை. பாதியில் 61-இலிருந்து 141-க்குத் தாவினால், அந்தக் கோர்ஸில் அதிகபட்சம் 25 சதவீதம்தான் கழித்துக்கொடுப்பார்கள்.

எம்-1 என்ற தொழிற்பயிற்சி மாணவர் விசாவில் போகிறவருக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே பெரும்பாலும் இல்லை, 141 பள்ளிதான். அதிலும் சிலபஸ் அலமாரியில் தூங்க, ஆளுக்கொரு பாடம் நடக்கும் இடங்கள் உண்டு. பணம் கட்டுவதற்கு முன் இரண்டு இன்ஸ்ட்ரக்டர்களைத் தனித்தனியாகப் பிடித்து, "லேண்டிங்குக்கு வரும்போது தாழ்ந்துட்டா முதல்ல எதை அசைக்கணும்?" என்று கேளுங்கள். இரண்டு பதில் வந்தால் அடுத்த பள்ளிக்குப் போன் போடுங்கள்.