பழகிய வடிவமா, புது வடிவமா?

சொகுசு ஸ்போர்ட்ஸ் கார் நிறுவனம் எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்?

அடையாளம்
பழகியது: 1963இல் அறிமுகமான போர்ஷே 911, வட்ட விளக்கும் பின்னோக்கிச் சரியும் கூரையுமாக இன்றும் தூரத்திலேயே தெரிந்துவிடுகிறது. 1990களின் இறுதியில் 996 என்ற 911 தலைமுறையில் விளக்கின் வடிவத்தை மாற்றினார்கள், ரசிகர்கள் கொதித்தார்கள். 2004இல் அடுத்த தலைமுறையான 997 வட்ட விளக்கை மீட்டது. அதே 996 கொண்டுவந்த நீர்க்குளிர்ச்சி எஞ்சினோ நிலைத்துவிட்டது!
புதியது: தன் முந்தைய காரான மியூராவின் வளைவுகளை விட்டு, 1971இல் ஆப்பு வடிவக் கவுன்டாச் காரைக் காட்டியது லம்போர்கினி. அந்தத் துணிவு பழைய வடிவத்தை மெருகேற்றுவதில் கிடைக்காது.

செலவு
புதியதற்கே அதிகம்.

ஆயுள்
பழகியது: பத்து வருடக் காரும் பழசாகத் தோன்றாது.
புதியது: அடுத்த மாடல் வந்ததும் மங்கலாம்.

நெடுநாள் வைத்து ஓட்டுபவருக்குப் பழகியது; பார்த்ததும் மிரள விரும்புபவருக்குப் புதியது. 911 போன்ற காரை வைத்திருக்கும் நிறுவனம் எஞ்சினை மாற்றட்டும், அந்தக் கூரைக்கோட்டைத் தொடவே கூடாது.