டிரெய்லர் அலைன்மென்ட்னு கொடுத்து 30,500 ரூபா போச்சு

கை நடுங்குது. எழுதிட்டுத்தான் சோறு.

நம்மது நாலு டயர், ரெண்டு ஆக்சில் வச்ச டிராக்டர் டிரெய்லர். குடியாத்தம் பக்கத்துல இருந்து திருவலம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஓட்டுறோம். முன் ஆக்சில் டயர் ரெண்டும் ஒரு பக்கமாவே தேஞ்சுது. டயர் மேல இருக்கிற ரப்பர் பட்டன் மேல கைய ஒரு பக்கம் தடவுனா வழுவழுன்னு இருக்கும், திருப்பித் தடவுனா ரம்பம் மாதிரி அறுக்கும். ஆக்சில் கோணிக்கிச்சுன்னு தெரிஞ்சு, வேலூர்ல ஹைவே ஓரமா இருக்கிற ஒரு பட்டறைக்குப் போனேன்.

அங்க இருந்த ஆளு ஆக்சில் நேரா இருக்கான்னு பாக்க நூல் கட்டினான், ஒரு கண்ண மூடிப் பார்த்தான், எனக்கு டீ வரவழைச்சான். "இன்னாண்ணா, நின்னு பாக்கணுமா? நம்ம மேல நம்பிக்கை இல்லியா? போய் சாப்டு வா"ன்னான். போனேன். அங்கதான் ஏமாந்தேன். வந்தா வேலை முடிஞ்சதாம். கூலி 6,500. "புது டயர் போட்டு ஓட்டு, மயிர் அளவு கூட தேயாது"ன்னான். ரெண்டு டயர் 24,000. மொத்தம் 30,500.

ஒன்றரை மாசம். புது டயர்லயே உள்பக்கம் ரப்பர் தேஞ்சு கேன்வாஸ் துணி தெரியுது.

போன் பண்ணா முதல்ல "லோடு ஜாஸ்திண்ணா". அடுத்து "டயர் கம்பெனிய கேளு". அப்புறம் முதலாளி ஊர்ல இல்ல. நேர்ல போய் நின்னா, டீ வாங்கித் தந்தவனே "எந்த வண்டிண்ணா?"ங்கிறான்!

எங்க ஊர் வெல்டிங் பையன் டேப் எடுத்தான். டிராக்டர்ல மாட்டுற கொக்கி பின் நடுவுல இருந்து ஆக்சிலோட இந்த முனைக்கும் அந்த முனைக்கும் முக்கால் இன்ச் வித்தியாசம். கமான் பட்டை (ஸ்பிரிங் பட்டை) நடு போல்ட் அறுந்து ஆக்சில் பின்னால நகர்ந்திருக்கு. கமானையும் ஆக்சிலையும் சேர்த்துப் பிடிக்கிற யூ போல்ட்டைக் கழட்டாம இதைச் சரி பண்ணவே முடியாது. ஆனா போன வருஷம் நான் அடிச்ச நீல பெயின்ட், நட்டும் பிளேட்டும் சேர்ற இடத்துல கூட உடையாம அப்படியே இருக்கு. ஸ்பேனரே வைக்கல! 6,500 ரூபா எதுக்கு, நூல் கட்டினதுக்கா?

விவரமா எழுதணும்னுதான் உக்காந்தேன், முடியல. வேலை நடக்கும்போது எழுந்து போகாதீங்க. முடிஞ்சதும் நீங்களே ரெண்டு பக்கமும் டேப் வச்சு அளங்க. யூ போல்ட்டை ஒரு நடை லோடு ஓடினதும் திரும்ப முறுக்குங்க. பில் வாங்குங்க, நான் வாங்கல.

வெட்டின கரும்பு வயல்ல காயுது. மறுபடி டயருக்குக் கடன் கேட்கப் போறேன். 30,500.